சாப்டீங்களா என்று கேட்டவர்

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயில் சர்க்கரை அளவாக இருந்தது, ஐயா. பெரும்பாலான இடங்களில் கேட்காமலே மூன்று கரண்டி அள்ளிப் போட்டுவிடுவார்கள். அளவு தெரிந்தவர்களோடு பேசுவது எனக்குச் சுலபம். நீங்கள் அதட்ட வேண்டியதில்லை. முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன், எழுதுகிறவர் நிதானமாக எழுதிக்கொள்ளட்டும்.

எங்கள் சலவை நிலையத்துக்கு மூன்று ஆஸ்பத்திரிகளிலிருந்து படுக்கை விரிப்புகள் வருகின்றன. ரத்தம், மருந்து, வாந்தி எல்லாம் போகத் துவைத்து, கடைசியில் என்னிடம் வரும். கொதிக்கும் இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விரிப்பைக் கொடுத்து அந்தப் பக்கம் எடுப்பது என் வேலை. பத்தொன்பது வருடத்தில் என் கையிலிருந்து ஒரு விரிப்புகூடச் சுருக்கத்தோடு வெளியே போனதில்லை. கோபக்காரனால் இந்த வேலையைச் செய்ய முடியாது. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இறந்தவர் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவருக்கு அங்கே வேன் ஓட்டும் வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். நான்கு மாதமாக என் மனைவி அவர்கள் வீட்டில் இருக்கிறாள். கையில் ஒரு சின்னக் காயம், தங்கை கூடமாட இருந்து பார்த்துக்கொள்வாள் என்று போனாள். அவள் திரும்பி வரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை கிடையாது. வீட்டில் அவள் செருப்பு கிடந்த இடத்தில் நான் எதையும் வைக்கவில்லை. அந்த அளவுக்குக் காத்திருந்தேன்.

இத்தனைக்கும் காரணம் எங்கள் புது மேனேஜரம்மாதான். நல்ல மனுஷி. எங்கேயோ இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்தவர், எங்கள் பதினாறு பேரையும் கூட்டி ஆளுக்கொரு மஞ்சள் சீட்டுக் கொடுத்தார்.

"உங்களுக்குக் கேக்கவே பிடிக்காத வார்த்தை ஒண்ணு எழுதுங்க. இனிமே அதை யாரும் உங்ககிட்ட சொல்லமாட்டாங்க. அவ்ளோதான், சண்டையே வராது" என்றார்.

சீட்டுகளைப் பெயரோடு தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒரு பலகையில் ஒட்டினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அதுவரை யாருக்கு எங்கே வலிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து தண்ணீர் குடிக்கப் போகிறவனெல்லாம் படித்துக்கொண்டு வந்தான்.

துணி மடிக்கும் அம்மாவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம், பிள்ளை இல்லை. "இன்னும் விசேஷம் எதுவும் இல்லையா?" என்று எழுதியிருந்தார். சோப்புக் கரைக்கிறவர் மூன்றாம் நாளே அதைச் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்த அம்மா பக்கத்திலிருந்த வெந்நீர் வாளியை எடுத்து அவர் கழுத்தில் ஊற்றினார். தோல் ஈரக் காகிதம் மாதிரி உரிந்து வந்தது. பாய்லர்காரர் எழுதியிருந்தது "உனக்கு வயசாயிடுச்சு". அதைச் சொன்ன ஸ்டோர்காரருக்கு முன்பல் இரண்டு போயிற்று. ஒன்று கிடைத்தது, மற்றது எந்த ஆஸ்பத்திரி விரிப்போடு போனதோ தெரியாது. மேனேஜரம்மா பலகையைக் கழற்றவில்லை. கீழே சிவப்பு மையில் "தயவுசெய்து தவிர்க்கவும்" என்று எழுதினார்.

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்காக நான் வருத்தப்படவில்லை. நுணலும் தன் வாயால் கெடும்.

என் சீட்டுக்கு வருகிறேன். எனக்கு நிஜமாகப் பிடிக்காதது வேறு. "ஏன் இப்படி இருக்கீங்க?" என்பது. எப்படி இருக்கிறேன் என்றும் சொல்லமாட்டார்கள், எப்படி இருக்கவேண்டும் என்றும் சொல்லமாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி அதைக் கேட்டாள். சட்டையை எடுத்துவிட்டு அவள் கையை வைத்தேன். மூன்று எண்ணும் வரைதான். சூட்டோடு புழங்குகிறவன் நான், எத்தனை எண்ணினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான்கு எண்ணியிருந்தால் விரல்கள் மடங்காமலே போயிருக்கும். அந்த ஒன்றைக் குறைத்தவனைக் கொடுமைக்காரன் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

அந்த வார்த்தையைப் பலகையில் எழுதி என் கழுத்தை நானே நீட்டிக்கொடுக்க நான் முட்டாளில்லை. ஆகவே யாருக்கும் வலிக்காத ஒன்றை யோசித்து, "சாப்டீங்களா?" என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜரம்மாகூடச் சிரித்தார். அதை யார் மெனக்கெட்டுச் சொல்கிறார்கள் என்று பார்த்தால், எனக்குக் கெடுதல் நினைப்பவன் யாரென்று தெரிந்துவிடும். எலிப்பொறியில் வைக்கிற தேங்காய்ச் சில்லு போலத்தான் வைத்தேன்.

நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. மறுநாளிலிருந்து ஒருவரும் என்னை அதைக் கேட்கவில்லை. பதினாலு பேரும் ஒருவரையொருவர் "சாப்டாச்சா, சாப்டாச்சா" என்று கேட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். வீட்டில் அடுப்பு எரியவில்லை. டீயும் பன்னுமாக ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. எனக்கு அழுகை வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. வலிக்காது என்று நானே பொறுக்கி எடுத்த வார்த்தை, கேட்காமல் இருந்தே வலிக்கத் தொடங்கியது.

ஒருவர் மட்டும் கேட்டார். தினமும் ஒரு மணிக்கு வேனை நிறுத்திவிட்டு நேராக என் மேஜைக்கு வருவார்.

"சகலை, சாப்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன சாப்டீங்க?"

"சாப்பாடுதான்."

என் முகத்தையே பார்த்துவிட்டுப் போவார். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பலகையைக் காட்டி, "பிடிக்காதுன்னு எழுதியிருக்கீங்க, பாத்தேன். இருந்தாலும் கேக்காம இருக்க முடியல. தப்பா நினைக்காதீங்க" என்றார். தப்பாக நினைக்காதே என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. மடிக்கிற மேஜைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். என் மனைவியைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, அவள் கையால் மூன்று வேளையும் தின்றுவிட்டு, என்னிடம் வந்து சாப்பிட்டாயா என்று கேட்கிறார். அவள் வராததற்கும் இவர்தான் காரணம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இவர் இல்லாவிட்டால் அந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை, என்னிடம்தான் வரவேண்டும். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை பாய்லர் அறையிலிருந்து பெரிய ஸ்பேனரைக் கொண்டுவந்து மேஜைக்கு அடியில், பழைய விரிப்பில் சுற்றி வைத்தேன். எடுத்தவுடன் அடிப்பவன் மிருகம். நான் நாள் கொடுத்தேன். செவ்வாய் கேட்டார். புதன் கேட்டார். வியாழன் அவர் லீவு. அன்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு வந்து கேட்டார்.

அடித்தேன். முதல் அடி வாயில் விழுந்தது. தாடை ஒருபக்கமாகப் போய்விட்டது. அவர் விழவில்லை, உருளையைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தார். பிடித்த இடம் கொதிக்கிற இரும்பு, உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. இரண்டாவது அடி காதுக்கு மேலே. மற்றவை தரையில் கிடந்தபோது. டாக்டர் ஒன்பது என்று எழுதியிருக்கிறார். நான் எண்ணியது ஏழு, ஆனால் அவர் படித்தவர், அவர் சொன்னதையே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உருளையை நிறுத்தினேன். அப்போதுதான் தேய்த்திருந்த விரிப்பு ஒன்றை எடுத்து, நான்கு மூலையும் இழுத்துவிட்டு அவர்மேல் போர்த்தினேன். யாரும் கத்தவில்லை. மேனேஜரம்மா மட்டும் பலகையில் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

இதில் என்னை வருத்தப்படச் சொன்னால், என் மனைவி உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்துக்காகத்தான் வருத்தப்படுவேன். நீங்கள் அதை ஏன் எனக்குப் படித்துக் காட்டினீர்கள் என்று தெரியவில்லை. தினமும் கேட்டுவரச் சொன்னது அவளாம். வேன் வந்து நின்றதும் வாசலுக்கே ஓடி, "அவர் சாப்டாராமா?" என்று தங்கை புருஷனிடம் கேட்பாளாம். நான் பொய் சொல்கிறேன், ஆள் பாதியாகிவிட்டேன் என்று வியாழக்கிழமை அவர் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை வெந்த கையோடு அவளே சமைத்து டப்பாவில் போட்டுக் கொடுத்தாளாம். "இதை அவர் சாப்பிட்டா ஞாயித்துக்கிழமை என்னைக் கொண்டுபோய் விட்டுடுங்க" என்றாளாம். அந்த டப்பா வேனில் அவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். திறந்து பார்த்தீர்களாம், துளி காரம் இல்லையாம். வயிற்றுப் புண்காரன் நான், அவருக்குக் காரமில்லாமல் சோறு இறங்காது.

எனக்கு எப்படித் தெரியும் என்று இதுவரை மூன்று தடவை உங்களிடம் கேட்டுவிட்டேன். யார் கேட்கச் சொன்னார்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கை எழுந்திருக்காது என்றும் சொன்னேன்.

துணி மடிக்கும் அம்மாவை நாளைக்குக் கூப்பிடப் போகிறீர்கள். அவருக்குக் காது கூர்மை, பக்கத்து மேஜைதான். அவர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மரியாதை. "சாப்டீங்களா" என்று கேட்டுவிட்டு அவர் போய்விடவில்லை, ஐயா. குனிந்து, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி, "அண்ணிதான் தினமும் கேக்கச் சொல்றாங்க. பாவம், உங்களை நினைச்சு அழுவுறாங்க" என்றார். ஸ்பேனர் அப்போதும் சுற்றிய விரிப்புக்குள்தான் இருந்தது. அவர் சொல்லி முடிக்கும்வரை முழுவதையும் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் குனிந்து எடுத்தேன்.