அசைந்த படங்கள்

உங்கள் மின்விசிறி ஆடுகிறது, சார். மேலே ஒரு திருகு தளர்ந்திருக்கும். பெரிய விஷயமில்லை. இரைச்சலைக் கவனிப்பதே என் பிழைப்பு, அதனால் காதில் விழுந்தது.

மருத்துவமனை ஸ்கேன் பிரிவில் கணக்குப் போடுகிறவன் நான். மூளையை விடாமல் படமெடுத்து, எந்தெந்த இடங்களில் இயக்கம் சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்று பார்ப்பேன். தூரத்து வீட்டில் இரண்டு ஜன்னல்களில் விளக்கு சேர்ந்தே எரிந்து சேர்ந்தே அணைந்தால், உள்ளே ஆள் இருக்கிறது என்போமே, அவ்வளவுதான் என் கணிதம்.

விபத்துக்குப் பிறகு அண்ணன் கண்ணைத் திறந்தபடியே கிடந்தான். கருவிதான் மூச்சை இழுத்து விட்டது. கிள்ளினாலும் அசைவில்லை. உள்ளே ஆள் இல்லையென்றால் கருவியை எடுத்துவிடலாம் என்று பெரிய டாக்டர் குடும்பத்தோடு பேசி வைத்திருந்தார்.

"உன் அண்ணன் கேஸ உங்கிட்டயே குடுக்கக் கூடாதுதான். இத இங்க வேற யாருப்பா பாக்கறது? நீயே முடிச்சிடு" என்றார் என்னிடம்.

ஸ்கேனுக்குள் அவன் கேட்பதற்காக அண்ணியின் குரலைப் பதிவு செய்தேன். அழுவார் என்று நினைத்தேன். வம்புக்கு இழுத்தார்.

"என்னங்க, உங்க நீலச் சட்டையத் தூக்கி உங்க தம்பிக்குக் குடுத்துட்டேன். அவருக்குத்தான் எடுப்பா இருக்கு. ரோஷம் இருந்தா எந்திரிச்சு வந்து திட்டுங்க பாப்போம்."

அண்ணன் யாரையும் தொடவிடாத சட்டை. இப்போது நான் போட்டிருப்பது அதுதான்.

பதிவு ஓடும்போதெல்லாம் அவன் மூளையில் கேட்பதற்கான இடமும், நெற்றிக்குப் பின்னாலுள்ள இடமும் சேர்ந்தே ஏறின. நிறுத்தினால் சேர்ந்தே இறங்கின. கூடவே தலையும் அசைந்தது. கண்ணுக்குத் தெரியாத, மயிரிழை அசைவு.

தலை அசைந்தால் அந்தப் படத்தை எறிந்துவிடுவது எங்கள் வழக்கம். அசைவு, இல்லாத இணைப்பை இருப்பதாகக் காட்டிவிடும். எவ்வளவு அசைந்தால் எறிவது என்பது கணக்குப் போடுகிறவன் முடிவு. பொதுவாக அரை மில்லிமீட்டர். அண்ணனின் அசைவு அதற்குள்தான் அடங்கியிருந்தது. நான் எல்லையை இன்னும் இறுக்கினேன். கண்டிப்பு தப்பென்று யாரும் சொல்ல முடியாது. அண்ணி பேசியபோது எடுத்த படங்கள் எல்லாம் போயின. மௌனம் மட்டும் மிஞ்சியது. மௌனத்தில் எந்த ஜன்னலும் எரியவில்லை.

நியாயத்தையும் கேளுங்கள். அண்ணன் தன் உடம்புக்குள்ளேயே பூட்டிக் கிடந்தான். பகலெல்லாம் அண்ணி அந்தக் கட்டிலோரம். அவர் வீட்டுக்குப் போனால் நான். சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அவன் பார்வைக்கு நேரே வராதபடி நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். வெளியூரில் எனக்கென்று இருந்த வேலை வேறொருவனுக்குப் போயிற்று. குறையாகச் சொல்லவில்லை. மூன்று பேரும் ஒரே கூண்டில் இருந்தோம். சாவி என்னிடம் இருந்தது.

"நெஜமா ஒண்ணுமே இல்லியா தம்பி? நான் பேசுனது துளிகூடவா கேக்கல?" என்றார் அண்ணி.

"இல்ல அண்ணி. வலியும் இருக்காது."

மறுநாள் கருவியை எடுத்தார்கள்.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் அண்ணனின் பழைய படங்களை வழக்கமான எல்லையில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். ஜன்னல்கள் எரிந்திருக்கின்றன. கெட்டிக்காரி. அதனால்தான் நான் உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவளுக்கும் தெரியாத ஒன்று உண்டு.

அண்ணியின் பதிவு முடிந்ததும் என் குரலையும் ஒருமுறை உள்ளே அனுப்பினேன். அவனைக் கேட்காமல் முடிவெடுப்பது முறையில்லை பாருங்கள்.

"அண்ணா, போதும்னு தோணுச்சுன்னா சும்மா இரு. இருக்கணும்னா தலைய அசை."

அரை மில்லிமீட்டரைத் தாண்டி அசைந்தான். அவ்வளவு அசைந்த படத்தை யாராக இருந்தாலும் எறிந்துவிடுவார்கள், சார். அந்தப் பெண்ணும் எறிந்திருக்கிறாள். அந்த ஒன்றையாவது நான் விதிப்படிதான் செய்தேன்.