எட்டாம் பக்கம் வரை

மூவார் ஆற்றுத் துறையில் படகுக்குக் காத்திருந்தேன். பக்கத்துப் பலகையில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிகள் இருவர். ஒருவர் கையில் குடை, மற்றவர் கையில் சென்னையிலிருந்து தபாலில் வந்த புதுக் கவிதைப் புத்தகம்.

"எட்டாம் பக்கம் வரைக்கும் படிச்சேன். அதுக்கு மேல வேண்டியதில்ல, அருமையான புத்தகம்" என்றார் புத்தகக்காரர்.

குடைக்காரர் வாங்கிப் புரட்டினார். எட்டாம் பக்கத்துக்கு அப்பால், வெட்டிப் பிரித்துப் படிக்க வேண்டிய தாள்களின் மடிப்பைக் கத்தி தொடவே இல்லை.

"பாட்டே இன்னும் ஆரம்பிக்கலியே! போன மாசம் வாங்கின துப்பறியும் நாவல்லயாவது, கொலைகாரன் யாருன்னு பாக்கக் கடைசிப் பக்கம் வெட்டினீங்க."

"எட்டுல பாருங்க. அச்சாகுறதுக்கு முந்தியே பணம் கட்டினவங்க பேரு. மூணாவது நான்தான்."

"தூ! இதுக்குத்தானா? அங்க வேலையத்தவன் ஒருத்தன் கிறுக்குறான். இங்க பேர அச்சுல பாக்கணும்னு அலையறவங்க பணம் அனுப்புறாங்க. மானம் உள்ளவன் செய்வானா?"

"நாலாவது பேரையும் படிங்க."

குடைக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அட அலமாக், என் பேரு! நம்ம தோட்டத்து டாக்டர் கேட்டாரேன்னு போன வருஷம் பணம் குடுத்து ஒரு கையெழுத்துப் போட்டேன். அது இந்தப் புத்தகந்தானா?"

"இதேதான்."

படகு வந்து கரை தட்டியது. எல்லாரும் எழுந்தோம். குடைக்காரர் மட்டும் அந்தப் பக்கத்தை விட்டு விரலை எடுக்கவில்லை.

"அது கிடக்கட்டும்" என்றார். "என்னை எதுக்கு உங்களுக்குக் கீழ போட்டான்?"