டயருக்குள் இருந்த பச்சைத் தண்ணீர் பற்றிப் பெத்தம்மாள் சொன்னது

1975ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குத் திருச்சுழி காவல் நிலையத்தில் நேரில் ஆஜராகிச் சொன்னது.

என் பெயர் பெத்தம்மாள், வயது 47, காலஞ்சென்ற முத்துராமலிங்கம் மனைவி, அருப்புக்கோட்டை தாலுகா எம்.ரெட்டியபட்டியில் குடியிருக்கிறேன். பதினான்கு ஏக்கர் மானாவாரிக் கரிசலும் ஒரு டிராக்டரும் என் பேரில் இருக்கின்றன. சென்ற சனிக்கிழமை காலை, எங்கள் ஊர் பஞ்சர் கடை கருத்தப்பாண்டி என் டிராக்டரின் பின் டயர்களைக் கெடுத்துவிட்டார் என்று இதே நிலையத்தில் புகார் கொடுத்தவள் நான்தான். அந்தப் புகார் தப்பு.

சென்ற வருடம் ஐப்பசியில் ஒரே ஒரு மழை பெய்தது. தரிசாகக் கிடந்த நிலமெல்லாம் சீமைக்கருவேல் முள் என்பதால் ஒரு நாளைக்கு நான்கு தடவை டயர் பஞ்சரானது. கருத்தப்பாண்டி காட்டுக்கே வந்து ஒட்டினார், ஒட்டி முடிப்பதற்குள் அடுத்தது போனது. ஈரம் காய்ந்து ஒன்பது ஏக்கர் விதைக்காமல் கிடந்துவிட்டது. அந்த ஆத்திரத்தில் பஸ் நிற்கும் இடத்தில் நாலு பேர் முன்னால் அவரை, "ஏலே, நீ பஞ்சர் ஒட்டுனதுக்கு எருமை மேய்ச்சிருக்கலாம்" என்று பேசினேன். என் வாய் அப்படிப்பட்டது, ஊருக்கே தெரியும்.

அதன் பிறகு இந்தப் புரட்டாசிக் கடைசியில், வேலையில்லாமல் நின்ற டிராக்டரை டயர் பார்க்கச் சொல்லி டிரைவர் தனுஷ்கோடியிடம் கொடுத்துக் கருத்தப்பாண்டி கடைக்கு அனுப்பினேன். பதினோரு நாள் கழித்து வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. காற்று இருக்கிறதா என்று பின் டயர் வால்வை அழுத்தினேன், பச்சையாக வழவழவென்று ஒரு தண்ணீர் சேலையெல்லாம் பீய்ச்சியடித்தது, சீ, அப்படி ஒரு நாற்றம். பேசின பேச்சுக்குப் பழிவாங்கத்தான் கள்ளியை அரைத்து ஊற்றியிருக்கிறார், டியூப் அழுகிப் போகும் என்று நினைத்தேன். தனுஷ்கோடி ஏதோ சொல்ல வந்தான், வாயை மூடு என்றேன். மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து புகார் எழுதிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே மழை கொட்டித் தீர்த்தது. மாற்று டயருக்கு வழியில்லாததால், திட்டிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை விடியவும் அதே டயரோடு உழவு தொடங்கச் சொன்னேன். பொழுது சாயும் வரை வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதன் பிறகு டயரைப் பார்த்தபோது இரண்டிலும் சேர்த்துப் பதினேழு முள் ஏறியிருந்தது. தனுஷ்கோடி ஒன்றைப் பிடுங்கினான், அந்த இடத்தில் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் கசிந்தது, வண்டியை ஓர் அடி நகர்த்தியதும் அதுவும் நின்றுவிட்டது. சப்பாத்திக்கள்ளிச் சாறும் ஜின்னிங் மில் கழிவுப் பஞ்சும் தண்ணீரில் கலந்து முக்கால் டயருக்கு ஏற்றியிருப்பதாகவும், முள் குத்தின ஓட்டையில் பஞ்சு போய் அடைத்துக்கொள்ளும் என்றும், கனத்தில் சக்கரமும் வழுக்காது என்றும் அப்போதுதான் சொன்னான். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எங்க ஆத்தா பேச விட்டீக?" என்றான்.

புகாரைத் திரும்ப வாங்க அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். ஈரம் காய்ந்துவிடுமே என்று நான் கிளம்பவில்லை. திங்கட்கிழமை மதியம் உழவு நடந்துகொண்டிருந்தபோது, இரண்டு போலீஸ்காரர்கள் கருத்தப்பாண்டியை ரோட்டோடு நடத்திக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன். அப்போதும் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. இதை நானாகத்தான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அவர் மனைவி ஒச்சம்மாள் கைப்பிள்ளையோடு காட்டுக்கு வந்தாள். எங்கள் ஊர் ஊருணியில் இந்த வறட்சிக்கு வீட்டுக்குத் தினம் இரண்டு குடம் என்று கட்டுப்பாடு. உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் அது கசிந்து சக்கரத்து இரும்பு துருப்பிடிக்கும் என்று, கருத்தப்பாண்டி தன் வீட்டு முறைத் தண்ணீரையே பதினோரு நாளும் டயருக்கு ஊற்றியது அவள் சொல்லித்தான் தெரிந்தது. இருபத்திரண்டு குடம். பிள்ளைகளுக்கு உப்புத் தண்ணீரில்தான் கஞ்சி காய்ச்சியிருக்கிறாள். "இந்த வருசமும் மதினி காடு தரிசாக் கெடக்கக் கூடாதுன்னு சொன்னாரு. அதுக்கா அவுகளப் புடிச்சுக் குடுத்தீக?" என்று கேட்டாள். நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுதும், ஈரம் காய்வதற்குள் விதைத்துவிட வேண்டும் என்று அப்போதும் கிளம்பவில்லை.

இன்று காலை ஒன்பது மணிக்குப் பதினான்கு ஏக்கரும் விதைத்து முடிந்தது. உடனே வந்தேன். சற்று முன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற அவரைக் கும்பிட்டேன். அவர், "அழாதீக மதினி, வெத பூராவும் எறங்கிருச்சா?" என்று மட்டும் கேட்டார். இறங்கிவிட்டது என்றேன். சிரித்தார். என் புருஷன் போன பிறகு என் நிலத்தைப் பற்றி என்னிடம் இப்படிக் கேட்ட ஆள் வேறு யாரும் இல்லை. இந்த நன்றியை நான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

புகாரைத் திரும்பப் பெறுகிறேன். இல்லாததைச் சொன்னதற்கு என் மேல் வழக்குப் போடுவதென்றால் போட்டுக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். அவரை இப்போதே விட வேண்டும். வெளியே டிராக்டர் நிற்கிறது. நேற்று அவரை நடத்திக் கூட்டிவந்த அதே ரோட்டில், பகல் வெளிச்சத்தில், ஊர் பார்க்க அவரை அதில் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டும். நான் பின்னால் நடந்து வருகிறேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டிச் சொன்னதில்லை.

(ஒப்பம்) மு. பெத்தம்மாள்