எல்லாப் பதிலும் அவள் பெயரில்

எந்தக் கடிதத்தையும் பாதியில் நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை, ஐயா. கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறப்பேன்.

எங்கள் நிறுவனம் சிறியது. பல ஊர்களில் இருப்பவர்கள் பிரவுசரிலேயே ஒரே பக்கத்தில் சேர்ந்து புரோகிராம் எழுதும் எடிட்டர் மென்பொருள் ஒன்றை நடத்துகிறோம். அந்த எடிட்டரை உருவாக்கியவள் என் தங்கை. பயன்படுத்துகிறவர்கள் எழுதும் கருத்துகளைப் படித்து, பதில் போட்டு, திங்கட்கிழமைதோறும் அவளிடம் தொகுத்துக் கொடுப்பது என் வேலை. பதில்கள் அவள் பெயரில்தான் போகும். அவளை இந்த நிறுவனத்தில் சேர்த்துவிட்டதே நான். இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நன்றிகூட அவளுக்குத்தான் வரும். 'எவ்வளவு அழகாகப் பதில் எழுதுகிறீர்கள்' என்று அவள் பெயருக்கு எழுதினார்கள். வயிறு எரிந்தது, உங்களிடம் மறைக்கவில்லை. சின்ன வயதிலும் வீட்டுக்கு வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போய் அவள் கன்னத்தைத்தான் கிள்ளுவார்கள்.

அதனால் ஒரு நடைமுறை வைத்துக்கொண்டேன். பாராட்டு இருக்கும் கடிதம் தொகுப்பில் போகாது, குறைகள் மட்டும் போகும். புகழ்ச்சி தலைக்கேறினால் வேலை கெட்டுவிடும், இல்லையா? குறை வராத வாரங்களில் நானே நாலைந்து எழுதிச் சேர்த்தேன். இல்லாத பிழையைத் தேடி அவள் நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். ஒரு மதியம் சாப்பாட்டைத் தொடாமல் மூடிவைத்தாள்.

“ஏன்க்கா, ஒருத்தருக்குக்கூடவா பிடிக்கல?”

“பிடிச்சவங்க எழுத மாட்டாங்கடி,” என்றேன். அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.

பிறகு ஒரு மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. நோயாளிகளுக்கு மருந்து ஏற்றும் கருவிக்கு அங்கே புரோகிராம் எழுதுகிறார்கள். 'இப்படியொரு எடிட்டரை நாங்கள் பார்த்ததில்லை' என்பது முதல் வரி. கீழே, இணைய இணைப்பு விட்டுப்போகும் நேரத்தில் இரண்டு பேர் ஒரே இடத்தில் எழுதினால் பக்கத்து வரி சத்தமில்லாமல் மறைந்துவிடுகிறது, ஆபத்து, உடனே பாருங்கள் என்றிருந்தது. அதைச் சரிசெய்வது அவளுக்கு அரை நாள் வேலை. அவர்கள் மறுபடியும் நன்றி எழுதியிருப்பார்கள்.

பாராட்டு இருந்த கடிதம், என் முறைப்படி அவளிடம் போகவில்லை. ஆனால் பதில் போடாமல் விடுவதும் என் பழக்கமில்லை. 'சரிசெய்துவிட்டேன், கவலை வேண்டாம்' என்று எழுதி, கீழே அவள் பெயரைப் போட்டேன்.

அவர்கள் நம்பினார்கள். மூன்று வாரம் கழித்து மறைந்தது, மருந்தின் உச்ச அளவு இருந்த வரி. கருவி அளவில்லாமல் மருந்தை ஏற்றியதில் நான்கு பேர் இறந்தார்கள். கடைசியாகப் போன குழந்தைக்கு ஒன்பது வயது. அந்தச் செய்தியையும் முழுதாகப் படித்தேன்.

நேற்று என் தங்கை உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில், அந்தப் பதிலை எழுதியது தான்தான் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அவளை நினைத்துத்தான் அழுகிறார்கள்.

அவள் பொய் சொல்கிறாள், ஐயா. அந்தப் பதில் என்னுடையது. அதையாவது என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.