நாற்பது படங்களைச் சுருக்கிய கை

அசாபா நகர் ஆற்றோரப் படத்தொகுப்பகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வெட்டியும் ஒட்டியும், விழுந்த இயந்திரங்களை எழுப்பியும், விழவிருந்த எங்களைத் தாங்கியும் பணி நிறைவு காணும் தலைமைத் தொகுப்பாளர் உசோவமாக்கா ஒகோலி அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்தளிக்கும் மடல்.

நினைவகத்தின் நெறியாளரே!

நீங்கள் இனிமையாகப் பேசுவீர்கள் என்று எழுதினால் இந்த அரங்கமே சிரிக்கும். கடுமையாகப் பேசினீர்கள், சரியாகப் பேசினீர்கள். கணினி நின்றால் நாங்கள் ஜெனரேட்டரைத் திட்டினோம்; நீங்கள் நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்தீர்கள். கோப்புகளைச் சேமிக்கும் வட்டு, கடையின் பின்னறை; நினைவகம், தெருவில் விற்பவள் தலையில் சுமக்கும் தட்டு. இந்தத் தெருவில் விற்பதை மட்டும் தட்டில் ஏற்று என்றீர்கள். பின்னறையில் சுருண்டு கிடக்கும் கோப்பு தட்டில் ஏறியதும் பல மடங்கு விரியும் என்பதையும் கணக்குப் போட்டுக் காட்டினீர்கள்.

அஞ்சா நெஞ்சரே!

தயாரிப்பாளர் சீஃப் ஒனியெமாவின் நான்கு பாகப் படத்தை யார் மறப்பார்? சனிக்கிழமை திரையீடு. தவறினால் தன் அடுத்த ஆறு படங்களும் லாகோஸ் நகரத் தொகுப்பகங்களுக்குப் போகும் என்றார் அவர். போனால் எங்களில் பாதிப்பேருக்கு வேலையில்லை. வியாழன் காலையிலிருந்து, படத்தின் தொடக்கத்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் மென்பொருள் உறைந்து மூடிக்கொண்டது. காட்சிகளுக்கு எடை குறைந்த நகல்கள் செய்தோம். பாகங்களைத் தனித்தனியாகப் பிரித்தோம். கணினி தனக்கென ஒதுக்கியிருந்த நினைவகத்தையும் பிடுங்கி மென்பொருளுக்குக் கொடுத்தோம். அதன்பின் மவுஸ்கூட நகரவில்லை.

நீங்கள் வந்து தொடக்கத்தைப் பார்த்தீர்கள். பணம் போட்டவரின் உருவப்படத்தை முதலில் காட்டுவது நம் மரியாதை. சீஃப் ஒன்றோடு நிற்கவில்லை: நாற்பது உடையில் நாற்பது படம், ஒவ்வொன்றும் கட்டடச் சுவரை மறைக்கும் அளவில் எடுத்தது. மரியாதை கருதி ஒருவரும் அதைத் தொடவில்லை. ஒன்று விரிந்தால் நானூறு மெகாபைட். நாற்பதும் விரிந்தால் பதினாறு ஜிபி. நம் இயந்திரத்தில் இருந்ததே அவ்வளவுதான்.

சீஃப் அருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

"என் மூஞ்சிய சின்னதாக்கப் போறியாம்மா?"

"திரை அளவுக்கு ஆக்கப் போறேன் சீஃப். இப்ப மெஷின் பூரா நீங்கதான் உக்காந்திருக்கீங்க. படம் எங்க உக்காரும்?"

அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "ஒண்ணையும் தூக்கிடாத, அவ்ளோதான்."

நீங்கள் ஒன்றையும் தூக்கவில்லை. பதினோரு நிமிடத்தில் நாற்பதும் சுருங்கின. ஓடவிட்டீர்கள், ஓடியது! நான்கு பாகங்களும், ஐந்தரை மணி நேரமும், ஒரு தடங்கலின்றி வெளிவந்தன. சனிக்கிழமை மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. தன் நாற்பது முகங்களையும் எண்ணிப் பார்த்த சீஃப்தான் கடைசியாக உட்கார்ந்தார். ஆறு படங்களும் அசாபாவிலேயே தங்கின. அன்று பிழைத்த வேலையில்தான் எங்களில் பலர் இன்றும் சாப்பிடுகிறோம்.

வென்று விடைபெறுபவரே!

நோயண்டாமல், எவருக்கும் பணியாமல், நெடுங்காலம் வாழ்க! இந்த மடலுக்காக உங்கள் படத்தை அச்சிட்டபோது இயந்திரம் இருமுறை நின்றது. சுருக்கினால் ஓடும் என்று எங்களுக்குத் தெரியும். சொல்லிக் கொடுத்தவரே நீங்கள்தான்.

சுருக்கவில்லை.

என்றும் நன்றியுடன்,
பகல் முறை, இரவு முறைப் பணியாளர்கள்
ஆற்றோரப் படத்தொகுப்பகம், அசாபா