பக்கத்து சீட்டு பிரேக்

"பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கறவன்னு ஆரம்பிச்சு எங்க மாமனார் ஒண்ணு சொல்வாரு மேடம். அந்தக் காலத்துல லாரி ஓட்டினவரு. பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கறவன் எதையோ சும்மா வெச்சுக்கணும்பாரு. வாயா, கையா... மறந்துபோச்சு. கல்யாணமான புதுசுல அவரோட லாரியில போறப்பல்லாம் என்னைப் பாத்து சொல்லிட்டே வருவாரு. அந்த வயசுல மாமனார் சொல்றத யாரு காதுல போட்டுக்கிட்டா? சரி, அது கெடக்கட்டும். கண்ணாடியப் பாருங்க. இண்டிகேட்டர். ஆங்... கிளச்சை மெதுவா விடுங்க. மெதுவா... மெதுவா... சபாஷ்! எங்க நிறுத்தினேன்?"

எங்கே நிறுத்தினார் என்று கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? காரில் ஏறியதிலிருந்து அவர் எதையுமே நிறுத்தவில்லை. டிரைவிங் ஸ்கூலில் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது மருந்துக்கடை அம்மா. வாத்தியாருக்கும் அந்த அம்மாவுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. கடையில் நாள் முழுக்கப் பேசித் தீர்க்கிறவர்தான். ஆனால் கார் நகர்ந்துவிட்டால் அவருக்குப் பேச்சு வராது, மூச்சே பாதிதான் வரும். வாத்தியாருக்கு இதைவிடத் தோதான ஆள் எங்கே கிடைப்பார்?

"ஆங், முதலாளி! காலையிலயே ஆரம்பிச்சுட்டாரு மேடம். 'என்னய்யா, மத்தவங்ககிட்ட கத்துக்கிட்டவங்கல்லாம் டெஸ்ட்ல பாஸாயிட்டு இனிப்போட வர்றாங்க, உம்ம ஆளுங்க மட்டும் மூக்கைச் சிந்திக்கிட்டு வர்றாங்களே'ங்கறாரு. எனக்கு எப்படி இருக்கும்? என்கூட ஓட்டறப்ப ஒவ்வொருத்தரும் ராஜா மாதிரி ஓட்டறாங்க. ஒரு உரசல் உண்டா, ஒரு கீறல் உண்டா? டெஸ்ட் எடுக்கற ஆபீசர் இந்த சீட்ல வந்து உக்காந்தா போதும், தலைவிதி! போன வாரம் ஒரு பேங்க்காரரு. தங்கமான மனுசன். கோட்டுக்கு முன்னாடி நிறுத்துய்யான்னா கோட்டைத் தாண்டி, குப்பைத்தொட்டியைத் தாண்டி, போயிக்கிட்டே இருந்திருக்காரு. அந்த ஆபீசர் என்ன பண்ணாரு? கையைக் கட்டிக்கிட்டு சிலையாட்டம் உக்காந்திருந்தாராம். ராசி மேடம், ராசி! அந்த ஆளு ராசி அப்படி. மூஞ்சியப் பாத்தாலே படிச்சதெல்லாம் மறந்துடும்... ஏய் ஏய் ஏய், சைக்கிள்! ம். நின்னாச்சு. பாத்தீங்களா, எவ்வளவு அழகா நிறுத்தினீங்க! உங்களுக்கு பிரேக்கு கைவந்த கலை மேடம். போங்க, போங்க."

வண்டி பேக்கரியைத் தாண்டி, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி ஊர்ந்தது. வாத்தியார் சீட் பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். பெரிய பேச்சு வரப்போகிறது என்று அர்த்தம்.

"அதான், முடிவு பண்ணிட்டேன். பாதி பண்ணிட்டேன்னு வெச்சுக்குங்களேன். இந்த வேலையே வேணாம். நான் பாராலீகல் ஆகப் போறேன். என்ன மேடம், புருவத்தைத் தூக்கறீங்க? ரோட்டைப் பாருங்க. பாராலீகல்னா வக்கீலும் இல்ல, டைப் அடிக்கறவரும் இல்ல, நடுவுல ஒரு சாதி. கேஸ்கட்டைப் படிக்கணும், தேதிவாரியா அடுக்கணும், வர்றவங்க கதையக் கேட்டு எழுதிக்கணும், பழைய தீர்ப்பெல்லாம் தேடிக் குடுக்கணும். எல்லாம் இவன் பண்ணுவான். கையெழுத்து மட்டும் வக்கீலு. உங்க கடையில இல்லையா? காய்ச்சலுக்கு என்ன மாத்திரைன்னு உங்களுக்குத் தெரியாதா? ஆனா சீட்டு இல்லாம வந்தா திருப்பி அனுப்பறீங்களே! என்னையே அனுப்பினீங்க. ஞாபகம் இருக்கா? இருமி இருமி உசுரு போகுது, 'டாக்டர் சீட்டு எங்க'ன்னு கேட்டீங்க. எனக்கு அன்னிக்கு வந்த கோவத்துக்கு... சரி விடுங்க, நீங்க இப்ப என்னோட ஸ்டூடன்ட்.

"மச்சினி இருக்கா பாருங்க, என் பொண்டாட்டிக்குத் தங்கச்சி, அவ வக்கீலு. பேக்கரி மாடியிலதான் ஆபீசு. அவகிட்ட இருந்த பாராலீகல் பொண்ணு கல்யாணமாகி வேற ஊருக்குப் போகுது. 'அத்தான், நீங்க வாங்களேன்'னா. என்னையே கூப்பிட்டா! வேற ஆள் கிடைக்காமயா? கிடைக்குது, ஒருத்தன் தினம் வந்து நிக்கிறானாம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும், இல்லாட்டி அவனுக்கு. நான் இன்னும் சொல்லல. சிக்னல், சிக்னல்... பச்சைதான், போங்க.

"சும்மா வந்து உக்கார முடியாதாம். ஒரு படிப்பு படிக்கணுமாம். மூணு வழி இருக்கு. பகல் வகுப்புன்னா ஒரு வருஷம், ஆனா இந்த வேலைய விட்டுட்டுப் படிக்கணும். பொண்டாட்டி கேக்கறா, 'ஒரு வருஷம் காத்தைக் குடிச்சிட்டு இருப்போமா?' ஆன்லைன்ல வீட்லயே உக்காந்து படிக்கலாம். ஒருநாள் சும்மா போட்டுப் பாத்தேன் மேடம். திரையில ஒருத்தர் பேசிக்கிட்டே இருக்காரு. நான் ஒரு சந்தேகம் கேக்கறேன், அவரு பாட்டுக்குப் பேசறாரு. இன்னொரு சந்தேகம் கேக்கறேன், திரும்பிக்கூடப் பாக்கல. அப்புறம் புள்ள வந்து சொல்றான், அது எப்பவோ ரெக்கார்டு பண்ணதாம். இதெல்லாம் ஒரு படிப்பா? மூணாவது, சனி ஞாயிறு வகுப்பு. படிச்சுக்கிட்டே அவ ஆபீசுக்கும் போகலாம், ஆனா ரெண்டு வருஷம் இழுக்கும். அதுக்குள்ள எனக்கு மிச்சம் இருக்கற முடியும் போயிடும்.

"ஆனா படிப்பு பெரிய விஷயமில்ல. படிச்சிடுவேன். ரெண்டாவது கண்டிஷன் ஒண்ணு போட்டா பாருங்க, அங்கதான் எனக்கு வலிச்சிடுச்சு. 'அத்தான், வர்றவங்களுக்கு நீங்க யோசனை சொல்லவே கூடாது. கேளுங்க, எழுதிக்குங்க, என்கிட்ட குடுங்க. அவ்வளவுதான். யோசனை சொல்றது வக்கீல் வேலை. நீங்க சொன்னா எனக்கும் ஆபத்து, அவங்களுக்கும் ஆபத்து'ங்கறா. நான் யாருக்கு யோசனை சொல்றேன்? சொல்லுங்க மேடம், நீங்களே சொல்லுங்க!"

மருந்துக்கடை அம்மாவின் கண் ரோட்டிலேயே இருந்தது. எதிரே ஒரு வேன் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. கார் நின்றது. வேன் திரும்பிப் போனது.

"பிரமாதம். எறும்பைக்கூட மிதிக்காம நிறுத்தறீங்க. என்ன சொன்னேன்... ஆங், அந்த சனிக்கிழமை! சும்மா ஒருநாள் வந்து பாருங்க அத்தான்னா, போனேன். ஒரு கேஸ்ல நாலு கட்டு கலைஞ்சு கெடந்துச்சு. எந்த நோட்டீசுக்கு எது பதிலுன்னு பாத்துப் பாத்து அடுக்கி, ஒட்டி, மேல குறிச்சு வெச்சேன். மச்சினி அசந்துட்டா. 'அத்தான், இது இதுக்குன்னே பொறந்த கை'ன்னா. அந்த வேலை எனக்குப் புடிச்சிருந்துச்சு மேடம். பொய் சொல்லல. இத்தனை வருஷத்துல ஒரு வேலையில அப்படி நேரம் போனதே தெரியாம இருந்ததில்ல. அப்புறம் அவ உள்ள போன்ல பேசிக்கிட்டிருந்தா, ஒரு தையல்கார அம்மா வந்தாங்க. கடையைக் காலி பண்ணச் சொல்லி கட்டட ஓனரு குடைச்சல் குடுக்கறாராம். கண்ணுல தண்ணி. நான் என்ன கல்லா? 'அம்மா, மொதல்ல பூட்டை மாத்துங்க'ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரே ஒரு வரி. அந்த அம்மாவும் போயி அன்னிக்கே மாத்திட்டாங்க. அப்புறம்தான் தெரியுது, அந்த ஓனரு மச்சினி பேசினதுக்கு எறங்கி வந்து, ஆறு மாசம் டைம் தர்றேன்னு ஒத்துக்கற நேரமாம். பூட்டைப் பாத்ததும் ஆளு துள்ளிக் குதிச்சுட்டாரு. இப்ப கோர்ட்டுக்கு இழுக்கறாராம். மச்சினி என்னைத் திட்டல மேடம். திட்டியிருந்தாக்கூடத் தேவலாம். ஒரு பார்வை பாத்தா. ஆனா பாருங்க, ஆபத்துன்னா ஒருத்தர் கண்ணு முன்னாடி விழப்போறாங்கன்னா, பக்கத்துல இருக்கறவன் புடிக்கமாட்டானா? அதுக்குப் பேரு தப்பா?

"அக்காளும் தங்கச்சியும் ஒரே மாதிரி. வீட்டுக்கு வந்தா இவ கேக்கறா, 'உங்களால ஒரு ரூம்ல பத்து நிமிஷம் வாயை மூடிட்டு உக்கார முடியுமா?' என்னைப் பாத்து! சும்மா உக்காந்திருக்கறதுதானே மேடம் என் பொழப்பே? ஓட்டறது நீங்க, நான் சும்மா உக்காந்திருக்கேன். இதுல வேடிக்கை என்னன்னா செருப்பு. வலது கால் செருப்பு மட்டும் ரெண்டே மாசத்துல தேஞ்சுடுது. தைக்கறவரு கேக்கறாரு, 'உக்காந்தே இருக்கற மனுசனுக்கு எப்படிய்யா ஓட்டை விழுது?' தயாரிப்பே சரியில்லங்க இப்பல்லாம். சிக்னல்... சிவப்பு, சிவப்பு! ம். நின்னாச்சு. கோட்டுக்கு முன்னாடி கச்சிதமா நிறுத்திட்டீங்க. நீங்க டெஸ்ட்ல பாஸாகலேன்னா என் பேரை மாத்தி வெச்சுக்கறேன்... என்ன மேடம்? சிக்னலைப் பாக்காம என்னத்தைப் பாக்கறீங்க? கீழ என்ன? உங்க காலா? காலுக்கு என்ன?"

மருந்துக்கடை அம்மாவின் இடது கால் கிளச்சை மிதித்திருந்தது. வலது கால் எந்தப் பெடலிலும் இல்லை. சீட்டுக்கு அடியில் பின்னுக்கு இழுத்து வைத்திருந்தார். அந்தக் காலைக் கொஞ்சம் தூக்கி, கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார். பிறகு தாடையால் வாத்தியாரின் பக்கம் காட்டினார்.

"நீங்க பிரேக்ல கால் வைக்கவே இல்லையா? அப்ப வண்டி எப்படி நின்னுச்சு?"

வாத்தியார் குனிந்து பார்த்தார். பயிற்சிக் கார்களில் சொல்லித்தருகிறவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஆபத்துக்கென்று வைத்தது. அதன் மேல் அவருடைய வலது செருப்பு அடி வரைக்கும் அழுந்திக் கிடந்தது. ஏதோ வேறு ஆளின் கால் மாதிரி.

"இது... இது இப்பதான் மேடம். நீங்க வைக்கலேன்னு தெரிஞ்சுதான்... இல்லையா? சைக்கிள் வந்தப்பவுமா? வேனுக்குமா?... அந்த பேங்க்காரரு... ஐயையோ. அந்த மனுசன் நிறுத்தச் சொன்னா எப்படி நிறுத்துவாரு? ஜென்மத்துல அவரு நிறுத்தினதே இல்லையே. நான்தானே நிறுத்திக்கிட்டிருந்தேன்! ஆபீசரை வேற திட்டினேன். கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாருன்னு... மேடம், பின்னாடி ஹார்ன் அடிக்கறான். இருங்க. ஒரே நிமிஷம்."

செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் சீட்டின் மேல் ஏற்றிச் சம்மணம் போட்டார். முழங்கால் கதவில் இடித்தது, இடித்தால் இடிக்கட்டும். கைகளை மடியில் கோர்த்துக்கொண்டார்.

"இப்ப ஓட்டுங்க. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்."

கார் கிளம்பியது. கிளம்பும்போதே ஒரு குலுக்கு குலுக்கியது. 'கிளச்' என்ற வார்த்தை வாத்தியாரின் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். கடைத்தெரு முனையில், நிறுத்தியிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து மாவு மூட்டை வைத்த தள்ளுவண்டி ஒன்று விறுட்டென்று தெருவுக்குள் வந்தது. வாத்தியாரின் வலது கால் மடியிலேயே துடித்தது. அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மூடவில்லை.

கார் நின்றது. அழகாக இல்லை. பின் சீட்டில் கிடந்த தண்ணீர் பாட்டில் முன்னால் பறந்து வந்து விழுந்தது, பெல்ட் இல்லையென்றால் வாத்தியாரும் அதன் பின்னாலேயே பறந்திருப்பார். தள்ளுவண்டிக்கும் காருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம். வண்டிக்காரர் இரண்டு பேரையும் முறைத்தார். சம்மணம் போட்டிருந்தவரைக் கூடுதலாக முறைத்தார். பிறகு மூட்டையைத் தட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்.

மருந்துக்கடை அம்மா முதல்முறையாக முழு மூச்சு விட்டார். அதற்குப் பிறகு மூன்று இடத்தில் நிறுத்தினார். மூன்றாவது, பால் மேல் ஆடை படிகிற மாதிரி படிந்தது. கடை வாசலில் ஓரங்கட்டி என்ஜினை அணைக்கும்வரை காருக்குள் பேச்சே இல்லை. அது வாத்தியாருக்கே அப்போதுதான் உறைத்தது.

"மேடம்... நான் சிக்னல்லேருந்து பேசவே இல்லல்ல? ஒரு வார்த்தை? எனக்கே ஆச்சரியமா இருக்கு. தொண்டை வரைக்கும் வந்துச்சு, ஆனா காலைப் புடிச்சிருந்தேனா, வாயும் அங்கேயே நின்னுடுச்சு. மாமனார் சொன்னது இப்ப ஞாபகம் வருது. வாயும் இல்ல, கையும் இல்ல. பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கறவன் காலைச் சும்மா வெச்சுக்கணும்... காலாத்தான் இருக்கணும். அவரு லாரியில நான் தரையை மிதிச்சுக்கிட்டே வருவேன்னு சொல்லிச் சிரிப்பாரு. அந்தத் தையல்கார அம்மாவை நான் விழாம தாங்கிப் புடிக்கல மேடம், அவங்க வண்டியில நான் பிரேக்கை அமுத்திட்டேன். மொதல்ல அவங்களைப் போய்ப் பாக்கணும். என்ன சொல்றது? ஒண்ணும் சொல்லக்கூடாது, மன்னிப்பு மட்டும். அந்த பேங்க்காரரையும் கூப்பிட்டு, ஒரு வாரம் காசு வாங்காம இந்த மாதிரி சம்மணம் போட்டுக்கிட்டு... முதலாளி பாத்தா நெஞ்சு வெடிச்சுடும். காலை மேல ஏத்தக்கூடாதுன்னு ரூல் வேற இருக்கும்போல. அப்ப பிரேக்குக்குப் பக்கத்துல வெச்சுக்கறேன், மேல வைக்கல, என்ன மேடம் சொல்றீங்க? பக்கத்துல வெச்சா ஆபத்து இல்லல்ல? நீங்க சொல்லுங்க, உங்களுக்குத்தான் தெரியும், மருந்தைக் கையில வெச்சுக்கிட்டே குடுக்காம இருக்கறது எப்படின்னு..."

திரும்பிப் பார்த்தார். ஓட்டுநர் சீட்டில் யாரும் இல்லை. சாவி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கடையின் கண்ணாடிக்குப் பின்னால் மருந்துக்கடை அம்மா வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, இருமுகிற ஒருவரிடம் கை நீட்டிச் சீட்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

வாத்தியார் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். வேலைக்கு வருகிறேன், சனி ஞாயிறு வகுப்பில் சேர்கிறேன் என்று மச்சினியிடம் சொன்னார்.