ஏரியல் ஒயரைப் பிடுங்கிய மண்டோர்

1988 டிசம்பர், பள்ளி விடுமுறை, ஒரு புதன்கிழமை காலை. எஸ்டேட்டிலிருந்து மலேசியாவின் சிரம்பான் நகருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவர், எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் ஒரு மண்டோரின் மனைவி.

“எங்க வீட்டுக்காரரு மூணு நாளா வீடு கூட்டுறாருலா,” என்றார் அவர்.

“மண்டோரா? தொடப்பத்த எந்தப் பக்கம் பிடிக்கணும்னு அவருக்குத் தெரியுமாக்கா?”

“பிள்ளைங்களுக்குன்னு வீடியோ கேம் வாங்குனாரு. பிள்ளைங்க காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுல ஆள் நிக்கிற மாதிரி பின்னால நிக்குதுங்க, இவரு உக்காந்து ஆடுறாரு. கேட்டா, டிவியவிட அதுதான் ஒசத்தியாம். டிவிய சும்மா பாக்கத்தான் முடியுமாம்.”

“டிவி இல்லாம அத எங்க மாட்டுவாராம், செவுத்துலயா?”

“ஏரியல் ஒயரப் பிடுங்கிட்டு அந்த எடத்துலதான் மாட்டணும். போன வாரம் தமிழ்ப்படம் ஓடுது, லயத்து சனமே எங்க வீட்டுல உக்காந்திருக்கு. முடியப்போற நேரத்துல பிடுங்கிட்டாரு. வாரத்துக்கு ஒரே படம்லா. படத்துல வந்த பொண்ணு பொழச்சாளா செத்தாளான்னு இன்னிக்கும் தெரியல.”

பஸ் ரஹாங்கை நெருங்கியபோது அவர் கைப்பையைத் திறந்து, ஒயர் தொங்கும் தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டி ஒன்றைக் காட்டினார்.

“கேமையும் டிவியையும் சேக்குறது இதுதான். இதத் தேடித்தான் மூலை மூலையாக் கூட்டுறாரு.”

“எப்பக்கா திருப்பிக் குடுப்பீங்க?”

“இந்த வாரப் படம் முடியட்டும். சமையல்கட்டு வேற இன்னும் பாக்கி இருக்கு.”